கிரைண்டரும் ஏழு அடியும்: ஒரு ஜாஸ் பியானோ கலைஞரின் சொந்த ட்யூன்கள் எங்கிருந்து வந்தன? (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

சென்னையில் ஜாஸை மட்டும் வாசித்துப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. ஹோட்டல் லாபி, கல்யாண வரவேற்பு, சினிமா ஒலிப்பதிவு, வீட்டில் பியானோ வகுப்பு என்று நான்கைந்து வேலைகளைச் சேர்த்தால்தான் மாதம் ஓடும். இந்த ஆய்வில் வரும் பியானோ கலைஞரும் அப்படி வாழ்கிறவர்தான். வயது முப்பதுகளின் நடுவில். பெரம்பூரில் வளர்ந்தவர். அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே தெருவில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய ஆசிரியை ஒருவரிடம் எட்டு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில சின்ன விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பதினைந்து வருடம் மற்றவர்களின் ட்யூன்களை வாசித்த பிறகு, சொந்தமாக எழுதிய எட்டு ட்யூன்களோடு ஓர் ஆல்பம் போட முடிவு செய்தார். பியானோ, டபுள் பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்றே பேர். ஒலிப்பதிவை மேற்பார்வை செய்யவும், உறையோடு வரும் சிறு புத்தகத்துக்குக் குறிப்பு எழுதவும் என்னைக் கேட்டார்கள். "ஒவ்வொரு ட்யூனுக்கும் எது தூண்டுதல் என்று நாலு வரி போதும், அண்ணா" என்றார். நாலு வரிதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த நாலு வரியை எழுத எட்டு மாதம் ஆனது.

ஜாஸில் பெரும்பாலும் பாடல் வரிகள் கிடையாது. கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது தலைப்பும் அதன் பின்னால் உள்ள கதையும்தான். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1962-ல் பதிவு செய்த 'வாட்டர்மெலன் மேன்' ட்யூனை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் அவர் சிறுவனாக இருந்தபோது தெருவில் வந்த தர்பூசணி வண்டி, கல் பாவிய சந்தில் அதன் சக்கரம் உருளும் தாளம், வண்டிக்காரரைக் கூப்பிடும் பெண்களின் குரல் ஆகியவைதான் அதன் மூலம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ட்யூனோடு அந்த வண்டியும் போய்க்கொண்டே இருக்கிறது. அச்சில் ஏறும் கதை அவ்வளவு காலம் நிற்கும் என்றால், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

முதல் உரையாடல்

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து எட்டுக் கதைகளையும் கேட்டு எழுதிக்கொண்டேன். முதல் ட்யூன், பெரம்பூர் வழியாகப் போகும் மின்சார ரயிலின் ஓட்டம். மூன்றாவது, ஹம்சத்வனி ராகம். ஐந்தாவது ஒரு பேலட், அதாவது மெதுவான ட்யூன்; மழை நாளில் தனியாக இருந்தபோது வந்தது. ஏழாவது, இறந்துபோன பியானோ ஆசிரியைக்குச் செலுத்தும் நன்றி. மற்ற நான்கும் நண்பர்கள், பயணம், ஒரு பூனை என்று போயின. அவற்றில் எந்தச் சிக்கலும் வரவில்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

கதைகள் நன்றாக இருந்தன. மேடையில் பலமுறை சொல்லி வழவழப்பாகிவிட்ட கதைகள். எனக்கு உறுத்தியது அந்த வழவழப்புதான்.

முதல் ட்யூன் ஏழு அடித் தாளத்தில் இருக்கிறது. ரயில் அப்படி ஓடாது. தண்டவாள இணைப்பில் ஒரு பெட்டியின் சக்கரங்கள் இரண்டிரண்டாகத்தான் தட்டும். தடக் தடக், சின்ன இடைவெளி, மறுபடி தடக் தடக். அதிலிருந்து நாலு வரும், எட்டு வரும், ஏழு வராது. போதாக்குறைக்கு, இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், பழைய சத்தமே பாதி போய்விட்டது. இதைச் சொன்னதும் அவர் யோசித்தார். "ரயில்னுதான் எப்பவும் சொல்றேன். ஆனா முதல்ல எப்ப அப்படிச் சொன்னேன்னு ஞாபகம் இல்ல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு ட்யூன் பிறந்த பிறகு அதற்குத் தலைப்பு வருகிறது, தலைப்புக்கு ஒரு கதை வருகிறது, அந்தக் கதை மெல்ல ஞாபகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரிய கலைஞர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1963-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை, ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் குழுவை டமாஸ்கஸ், டெல்லி, கொழும்பு, பாக்தாத் என்று ஒரு நீண்ட சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. அதன் விளைவாக வந்தது 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' என்ற ஆல்பம். 1966 டிசம்பரில் பதிவாகி அடுத்த வருடம் வெளியானது. அதில் மிகவும் புகழ்பெற்றது ஈரானிய நகரத்தின் பெயர் தாங்கிய 'இஸ்ஃபஹான்'. கேட்பவர்கள் அந்த நகரத்து நீல ஓடுகளையும் தோட்டங்களையும் மனதில் கண்டுகொள்வார்கள். ஆனால் எலிங்டனோடு சேர்ந்து இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் அதைப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே 'எல்ஃப்' என்ற பெயரில் எழுதிவிட்டார். அதே ஆல்பத்தில் மைனாவின் பெயரில் உள்ள ட்யூனோ நிஜமாகவே டெல்லியில் கேட்ட பறவையின் குரலிலிருந்து வந்தது. ஒரே உறைக்குள் இரண்டு வகையும் இருக்கின்றன. இதை நம் கலைஞரிடம் சொன்னபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சரி, ஞாபகத்தை ஒதுக்கிவிட்டு ஆதாரத்தைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

போனில் கிடந்த பதிவுகள்

இப்போதெல்லாம் இசை எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தோன்றியதைப் போனில் வாய்ஸ் நோட்டாகப் பதிந்துவைக்கிறார்கள். இவர் போனில் ஐந்து வருடப் பதிவுகள் அழியாமல் இருந்தன. பெயர் எதுவும் வைக்கவில்லை, தேதியும் நேரமும் மட்டும். எட்டு ட்யூன்களோடும் தொடர்புள்ளவற்றைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆனது. கூடவே கையெழுத்தில் எழுதிய மூன்று ஸ்வர நோட்டுப் புத்தகங்கள்.

முதல் ட்யூனின் மிகப் பழைய பதிவு 52 வினாடி. சாயங்காலம் ஆறேகால் மணி. வீட்டு டிஜிட்டல் பியானோவில் இடது கை ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறது, வலது கை மேலே எதையோ தேடுகிறது. பின்னால் ஒரு ரீங்காரம். நான் அதை ஃபேன் என்று நினைத்தேன். ஹெட்போன் மாட்டி மறுபடி கேட்டபோது ரீங்காரத்துக்கு மேலே கல் உரசும் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் தண்ணீர் தெளிக்கும் 'சளக்', உடனே உரசல் மென்மையாகிறது. 40-வது வினாடியில் ஒரு பெண் குரல்: "டேய், உளுந்து ஆயிடுச்சு, வந்து தூக்கி வை."

கிரைண்டர்.

அவர் சிரிக்கவில்லை. பதிவை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் அம்மா மாவாட்டுவார் என்றும், பியானோ இருக்கும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவே இல்லை என்றும், சின்ன வயதிலிருந்து பாதிப் பயிற்சி அந்தச் சத்தத்துக்குள்தான் நடந்தது என்றும் சொன்னார்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதில் ஓடும் மோட்டாரின் ரீங்காரம் பெரும்பாலும் அதன் இரு மடங்கில், 100 ஹெர்ட்ஸில் கேட்கும். பியானோவில் அதற்கு மிக அருகில் இருக்கும் கட்டை 98 ஹெர்ட்ஸ் உள்ள ஜி, நம் வழக்கில் ஐந்து கட்டை. கிரைண்டர் அதைவிட ஓர் அரைச் சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும். ட்யூனர் செயலியில் பதிவை ஓட்டினோம். ஜி என்று காட்டியது, முள் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நின்றது. அவருடைய இடது கை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்த கட்டையும் ஜிதான். ஏன் ஜி மைனர் என்று அதுவரை கேட்டால், "கைக்கு வசதி" என்றுதான் சொல்லியிருப்பார். தம்புராவுக்குச் சேர்ந்து பாடுவதுபோல அவர் கிரைண்டருக்குச் சேர்ந்து வாசித்திருக்கிறார்.

ஹம்சத்வனி விஷயம் இதைவிடச் சுலபமாகத் தெளிவானது. நோட்டுப் புத்தகத்தில் அந்த ட்யூன் ஒரு கார்டாகத்தான் (chord, ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) தொடங்குகிறது. ச ரி க ப நி என்ற ஐந்து ஸ்வரங்களையும் பியானோவில் ஒன்றாக அமுக்கிப் பாருங்கள், ஜாஸ்காரர்கள் தினமும் கையில் வைத்திருக்கும் மேஜர் நைன்த் கார்டு வரும். அவர் கார்டைத்தான் பிரித்துப் பிரித்து வாசித்திருக்கிறார். ஐந்து பக்கம் தள்ளி, வேறு மையில், 'ஹம்சத்வனி?' என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார். ராகம் பின்னால் அடையாளம் கண்டுகொண்ட ஒன்று, தொடங்கிய இடம் இல்லை. கமகம் போட முடியாத வாத்தியத்தில் ராகத்தின் பெயரைச் சொல்வது அவருக்கே கூச்சமாக இருந்தது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ராகப் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டோம். குறிப்பில், கார்டிலிருந்து தொடங்கி வழியில் ராகத்தைச் சந்தித்த ட்யூன் என்று எழுதினேன்.

பேலட்டில் வந்த சிக்கல்

நான்காவது மாதம், இரண்டாவது ஒத்திகை. ஐந்தாவது ட்யூனை ஒருமுறை வாசித்து முடித்ததும் பேஸ் வாசிப்பவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "இது எண்பதுகள்ல வந்த ஒரு சினிமாப் பாட்டோட பல்லவி இல்லையா?" என்று கேட்டார். பாட்டின் முதல் வரியைப் பாடியும் காட்டினார். அறை அமைதியாகிவிட்டது.

வேகம் வேறு, கார்டுகள் வேறு, தாளத்தில் சுரங்கள் விழும் இடம் வேறு. ஆனால் மெட்டின் முதல் எட்டு பார் (தாளத்தின் எட்டுச் சுற்று), சுரத்துக்குச் சுரம், கிட்டத்தட்ட அதுவே. கலைஞருக்கு அந்தப் பாட்டு தெரியும், ஆனால் அவர் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. அவர் அப்பாவின் கேசட்டுகளில் ஒன்றில் அது இருந்தது. மழை, தனிமை என்ற கதையும் பொய்யில்லை. அந்த மழை நாளில் எழுந்து வந்தது முப்பது வருடத்துக்கு முந்தைய கேசட்.

நம்முடைய காதுகளை மட்டும் நம்ப வேண்டாம் என்று, விவரம் எதுவும் சொல்லாமல் மூன்று பேருக்கு மெட்டை மட்டும், தாளமும் கார்டும் இல்லாமல், ஒற்றை விரலால் வாசித்துக் காட்டினோம். இருவர் உடனே பாட்டின் பெயரைச் சொன்னார்கள். மூன்றாமவர் சின்னப் பெண், அவளுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "நாலு பார் வரைக்கும் எடுக்கலாம்", "எட்டு பாருக்கு மேல போனாத்தான் கேஸ்" என்று இசைக்காரர்கள் வட்டத்தில் அடிக்கடி கேட்கிறேன். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது. இந்தியாவில் ஓர் இசை ஆக்கத்தின் பதிப்புரிமை, அதை ஆக்கியவர் காலமான பிறகும் 60 வருடம் தொடரும். எத்தனை பார் என்பது கேள்வி இல்லை, அடையாளம் காணத்தக்க முக்கியப் பகுதியா என்பதுதான் கேள்வி. அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியாதது நமக்குச் சாதகமும் இல்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பேலட்டுக்கு மூன்று வழிகள் இருந்தன. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு, அந்தப் பாட்டின் ஜாஸ் வடிவம் என்றே வெளியிடலாம். ட்யூனை ஆல்பத்திலிருந்து தூக்கிவிடலாம். அல்லது மெட்டை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் கார்டுகளை வைத்துக்கொண்டு புது மெட்டு எழுதலாம்.

முதல் வழி நேர்மையானது, ஆனால் இது சொந்த ட்யூன்களின் ஆல்பம். இரண்டாவதுக்கு மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கார்டு அமைப்பு அவ்வளவு நன்றாக இருந்தது, அது முழுக்க அவருடையது. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஜாஸில் இது புதிதில்லை. பழைய ட்யூனின் கார்டு வரிசையை வைத்துக்கொண்டு மேலே வேறு மெட்டு எழுதுவதுதான் 1940-களில் வந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியின் அன்றாட வேலை. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945-ல் பதிவு செய்த 'கோ-கோ' நிற்பது 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் கார்டுகள் மேல். இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1930-ல் எழுதிய 'ஐ காட் ரிதம்' என்ற ஒரே பாட்டின் கார்டு வரிசையில் அதற்குப் பிறகு எத்தனை ட்யூன்கள் வந்தன என்று எண்ணி முடியாது. அந்த வரிசைக்கு 'ரிதம் சேஞ்சஸ்' என்று பெயரே வந்துவிட்டது. கார்டு வரிசையை ஒருவரின் தனிச் சொத்தாக யாரும் பொதுவாகக் கொள்வதில்லை. மெட்டு அப்படியில்லை. நாங்கள் செய்தது அந்த வழக்கத்தின் தலைகீழ்: கார்டு சொந்தம், மெட்டு வெளியிலிருந்து வந்தது, மெட்டைக் கழற்றினோம்.

புது மெட்டு எழுத அவருக்கு ஐந்து வாரம் பிடித்தது. கடினமாக இருந்தது. பழைய மெட்டு கைவிரலில் ஊறிப்போயிருந்தது, நாலாவது பாரில் தானாக வந்து நின்றது. கடைசியில் பியானோவை மூடிவிட்டு, பேஸ் வாசிப்பவரைக் கார்டுகளின் அடிச்சுரங்களை மட்டும் வாசிக்கச் சொல்லி, வாயால் பாடிப் பாடி எழுதினார். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: பழைய வடிவம் இன்னும் அழகாக இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆசிரியை பற்றிய ட்யூனில் வேறு மாதிரியான முடிவு. அதன் மூலம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்த ஒரு துதிப்பாடலின் கடைசி வரியில் இருந்து ட்யூன் தொடங்குகிறது. பாடல் மிகப் பழையது, உரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. எலிங்டனும் ட்ரம்பட் கலைஞர் பப்பர் மைலியும் 1927-ல் சேர்ந்து செய்த 'பிளாக் அண்ட் டேன் ஃபேன்டஸி'யின் மெட்டும் இப்படித்தான், 'தி ஹோலி சிட்டி' என்ற பக்திப் பாடலை மைனருக்கு மாற்றியதில் இருந்து வந்தது. ஆனால் நம் கலைஞர் மேடையில் சொல்லும் கதையில் ஆசிரியையின் கடைசி வருடங்கள் வருகின்றன: ஞாபகம் தவறியது, மாணவனை அடையாளம் தெரியாமல் போனது, அப்படியும் பியானோ முன் உட்காரவைத்தால் கை சரியாக வாசித்தது. கேட்பவர்கள் கண் கலங்கும் கதை. அச்சில் போடுவதற்கு முன் அவருடைய மகளைக் கேட்டுவிடலாம் என்றேன். மகள் கேட்டுவிட்டு, "ட்யூனைப் போடுங்க. அம்மா அப்படி இருந்ததைப் போடாதீங்க" என்றார். போடவில்லை. தலைப்பு அவர் குடியிருந்த வீட்டின் கதவு எண் மட்டும். மேடையிலும் கலைஞர் அந்தக் கதையை நிறுத்திவிட்டார். அது யாருடைய கதை என்ற கேள்வியை அவரும் நானும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஒலிப்பதிவு

இரண்டு நாள், ஒரே அறை, மூவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி. பெரும்பாலானவை மூன்றாவது டேக்கிலேயே முடிந்தன. முதல் ட்யூனின் தொடக்கத்தில் கிரைண்டர் சத்தத்தையே சேர்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. சேர்த்துக் கேட்டோம், வேண்டாம் என்று விட்டோம். சத்தம் ஏற்கெனவே இடது கையில் இருக்கிறது. அதற்குப் பதிலாக, பேஸ் வாசிப்பவர் ஜி கம்பியை வில்லால் இழுத்து நீளமாகப் பிடித்து, சுருதியை மயிரிழை மேலே தள்ளி வைத்தார், கிரைண்டர் நிற்கும் இடத்தில். பியானோவின் ஜியோடு அது லேசாக உரசுகிறது. அந்த உரசல் ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த நொடி.

உறைக் குறிப்பு அச்சுக்குப் போனது. முதல் ட்யூனுக்கு நான் எழுதியது: மாவாட்டும் சாயங்காலங்கள், ஐந்து கட்டை ரீங்காரம், கதவில்லாத அறை. ஆக்கம் என்ற இடத்தில் எட்டுக்கும் கலைஞரின் பெயர்.

வெளியான பிறகு

வெளியீட்டு நிகழ்ச்சி நன்றாக நடந்தது. கிரைண்டர் கதையை அவர் ரொம்ப எளிமையாகச் சொன்னார். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகும்போது, "அந்தச் சத்தம் உனக்குத் தொந்தரவுன்னுல்ல நினைச்சேன்" என்று சொன்னாராம்.

பத்து நாள் கழித்து ட்ரம்ஸ் வாசிப்பவர் எனக்குப் போன் செய்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். "அண்ணா, கிரைண்டர் எல்லாம் சரி. ஏழு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருமே கேக்கலியே?"

நான் பதிவுகளுக்குத் திரும்பிப் போனேன். முதல் 52 வினாடிப் பதிவு நாலு அடியில்தான் இருக்கிறது. அடுத்த நான்கும் அப்படியே. ஆறாவது பதிவு, ஆல்பம் பேச்சே எழாத காலத்தில் மூவரும் சும்மா கூடி வாசித்த ஒரு நாள். அதில் இரண்டாவது நிமிடத்தில் தெளிவாகக் கேட்கிறது: "டேய், ரெண்டாவது பார்ல ஒரு அடியக் குறைச்சுப் பாரு. மிஸ்ர சாப்பு மாதிரி." ட்ரம்ஸ் வாசிப்பவர் சிறுவயதில் ஆறு வருடம் மிருதங்கம் படித்தவர். எட்டில் ஓர் அடி போய் ஏழாகிறது, மூன்றும் நாலுமாக உடைகிறது, ட்யூன் எழுந்து நிற்கிறது. அதற்கு முன் அது ஒரு ரீங்காரமும் தேடலும் மட்டும்தான்.

இந்தப் பதிவை நான் முன்பே கேட்டிருந்தேன். என் குறிப்பேட்டில் 'பதிவு 6, ஒத்திகை, பயனில்லை' என்று எழுதிவைத்திருக்கிறேன். ட்யூன் பிறந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்ததால், அது வளர்ந்த அறையை நான் கவனிக்கவே இல்லை. ரயில் கதை மேல் சந்தேகத்தைக் கிளப்பியதே ஏழு என்ற எண்தான். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கிரைண்டர் கிடைத்த சந்தோஷத்தில் பாதியில் விட்டுவிட்டேன். இந்த முழு வேலையிலும் நடந்த பெரிய தவறு இது, என்னுடையது.

ஜாஸில் இந்தக் காயம் பழையது. ட்ரம்பட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் உள்ள 'ப்ளூ இன் க்ரீன்' டேவிஸ் பெயரில் வந்தது. அது தன் ஆக்கம் என்று பியானோ வாசித்த பில் எவன்ஸ் பிற்பாடு சொன்னார். அறுபது வருடம் தாண்டியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அந்த அறைகளில் யாரும் வாய்ஸ் நோட் எடுக்கவில்லை. எங்களிடம் இருந்தது, இருந்தும் தவறவிட்டோம்.

மூவரும் உட்கார்ந்து ஆறாவது பதிவைச் சேர்ந்து கேட்டோம். விவாதம் பத்து நிமிடம்கூட நீளவில்லை. கலைஞர்தான் முதலில் பேசினார்: "இது நம்ம ரெண்டு பேரோட ட்யூன்." முதல் ட்யூனின் ஆக்கம் இருவர் பெயரிலும் மாற்றப்பட்டது, பங்கு சரிபாதி. இணையத்தில் இருந்த விவரங்களைத் திருத்த இரண்டு வாரம் ஆனது. அச்சான புத்தகங்களில் விற்காமல் கையில் இருந்தவற்றுக்குள் திருத்தச் சீட்டு வைத்தோம். விற்றுப்போனவை விற்றுப்போனவைதான்.

பேஸ் வாசிப்பவரிடமும் கேட்டோம், உங்களுடையது ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று. வில்லால் இழுத்த அந்தச் சுருதி வாசிப்புதான், ஆக்கம் இல்லை என்றார். எனக்கு இன்னும் அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் முடிவு அவருடையது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தூண்டுதல் பற்றிய பேட்டியை எழுதியவரிடம் மட்டும் எடுக்க மாட்டேன். வாசிக்கும் எல்லோரிடமும், தனித்தனியாக, ஒலிப்பதிவுக்கு முன்பே எடுப்பேன். ஒரே கேள்வி போதும்: இந்த ட்யூன் இப்போது இருக்கிறபடி ஆனது எந்த நாளில்? ட்ரம்ஸ் வாசிப்பவரிடம் இதை முதல் மாதமே கேட்டிருந்தால் ஆறாவது பதிவு தானாக மேலே வந்திருக்கும்.

மெட்டுச் சோதனையை ஒத்திகைக்கு முன்பே வைப்பேன். தாளம், கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒற்றை விரலில் மெட்டு மட்டும், வெவ்வேறு வயதில் நாலைந்து பேருக்கு. சினிமாப் பாட்டுக்குள்ளேயே வளர்ந்த நம் காதுகளுக்கு இது அவசியம். எந்த வீட்டில் ரேடியோ ஓடவில்லை?

உயிரோடு இருப்பவர்களையோ சமீபத்தில் மறைந்தவர்களையோ தொடும் கதை என்றால், மேடையில் சொல்வதற்கு முன்பே குடும்பத்தைக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டது அச்சுக்கு முன்னால். அதற்குள் அந்தக் கதை ஏழெட்டு மேடைகளில் போய்விட்டிருந்தது.

மேடைக் கதையைச் சந்தேகிப்பதில் மட்டும் நான் எதையும் மாற்ற மாட்டேன். அதில் கலைஞரைக் குறைக்கும் நோக்கம் எதுவும் இல்லை. ரயிலைவிடக் கிரைண்டர் அவருக்குச் சொந்தமானது. அது தெரிந்த பிறகு அந்த ட்யூனை அவர் வாசிக்கும் விதமே மாறியது. முன்பு வேகமாகத் தொடங்குவார். இப்போது இடது கையின் அந்த ஜியை ரொம்ப நேரம் தனியாக விட்டுவைக்கிறார்.

அடுத்த ஆல்பத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. போனில் இதுவரை 14 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. இந்த முறை ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது: தேதி, இடம், பின்னால் என்ன ஓடிக்கொண்டிருந்தது, அறையில் யார் யார் இருந்தார்கள். பதினோராவதில் கடைசிப் பெயர் அம்மாவுடையது.